காமிகாட்சு: இலை விற்று, குப்பை பிரித்து நிலைத்து நிற்கும் ஒரு மலையூர்

ஜப்பான் என்றாலே டோக்கியோ, கியோட்டோ, புல்லட் ரயில் என்றுதான் பேச்சு வருகிறது. அங்குள்ள ஒரு சின்ன கிராமப்புற ஊர் எப்படி இருக்கும், ஆட்கள் எதை வைத்துப் பிழைக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பொதுப்படையாகப் பதில் சொன்னால் முதியவர்கள் அதிகம், பிள்ளைகள் குறைவு, காலி வீடுகள் நிறைய என்று ஒரே வரியில் முடிந்துவிடும். அது உண்மைதான். ஆனால் அதைக் கேட்டால் எந்த ஊரும் கண்முன் வராது. அதனால் ஒரே ஓர் ஊரை எடுத்துக்கொண்டு சொல்கிறேன்: ஷிகோகு தீவில் தோக்குஷிமா மாகாணத்தில் இருக்கும் காமிகாட்சு.

"குப்பையே இல்லாத ஊர்" என்று இதைப் பற்றிய காணொளி ஏதாவது உங்கள் கண்ணில் பட்டிருக்கலாம். அந்தப் பெயர் முழுக்கச் சரியில்லை, அதைப் பிறகு சொல்கிறேன். இந்த ஊரின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. காமிகாட்சு உலகத்தில் பெயர் வாங்கிய இரண்டு காரியங்களுமே கையில் காசில்லாமல், வேறு வழி தெரியாமல் தொடங்கியவை. முதலில் கொள்கை பேசி, பிறகு செயலில் இறங்கியவர்கள் இல்லை இவர்கள்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். பரப்பளவு ஏறக்குறைய 110 சதுர கிலோமீட்டர். அதில் கிட்டத்தட்ட ஒன்பதில் எட்டுப் பங்கு காடு. காட்சுவுரா ஆறு மலைகளை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. ஆற்றோரச் சாலையிலிருந்து ஒற்றை வண்டி போகும் அளவுக்குக் குறுகிய பாதைகள் மேலே ஏறுகின்றன. அந்தப் பாதைகளின் முடிவில் நாலு வீடு, பத்து வீடு என்று சின்னச் சின்னக் குடியிருப்புகள். இப்படிப்பட்டவை ஐம்பதுக்கும் மேல், கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டர் தொடங்கி 700 மீட்டர் உயரம் வரை சிதறிக் கிடக்கின்றன. கடைத்தெரு, பேருந்து நிலையம், கோயில் என்று எல்லாம் ஒன்றுகூடும் நடுவிடம் எதுவும் கிடையாது. ரயிலும் இல்லை. இந்தச் சிதறலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், குப்பைக் கதையில் இதுதான் முக்கியம்.

1955-ல் பக்கத்துக் கிராமங்களைச் சேர்த்து இந்த ஊராட்சி உருவானபோது மக்கள்தொகை 6,000-க்கு மேல். 2020 கணக்கெடுப்பில் 1,400-க்கும் கீழே. அதில் பாதிக்கு மேற்பட்டவர்கள் 65 வயதைத் தாண்டியவர்கள். ஒரு தொடக்கப்பள்ளியும் ஒரு நடுநிலைப்பள்ளியும் உண்டு, மேல்நிலைப்பள்ளி கிடையாது. பிள்ளைகள் பதினைந்து வயதிலேயே படிப்புக்காக வெளியே போகிறார்கள். போனவர்களில் பலர் திரும்புவதில்லை. ஜப்பானின் மலையூர்கள் பலவற்றுக்கும் இதே நிலைதான்.

ஏன் இப்படி ஆனது? போருக்குப் பிறகு வீடு கட்ட மரம் வேண்டும் என்று நாடு முழுக்க மலைகளில் சுகி என்னும் ஊசியிலை மரத்தை அரசு உதவியோடு நட்டார்கள். மரம் வளர்ந்து வெட்டுவதற்குள் வெளிநாட்டு மரம் மலிவாக வந்து குவிந்தது, உள்ளூர் மரத்தின் விலை விழுந்தது. இன்றும் காமிகாட்சுவின் காட்டில் பெரும்பகுதி ஆள் நட்ட அந்த சுகிதான். வெளியிலிருந்து வருபவர் பசுமை என்று ரசிப்பதை, ஊர்க்காரர் விலைபோகாத சரக்காகப் பார்க்க நேர்ந்தது. அப்புறம் மிகான் என்னும் சின்ன ஆரஞ்சு கைகொடுத்தது. அதிலும் நாடு முழுக்க விளைச்சல் கூடி விலை குறைந்துகொண்டே வந்தது. இந்த நிலையில் 1981 பிப்ரவரியில், வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே பத்து டிகிரிக்கும் மேல் இறங்கிய ஒரு கடுங்குளிர் வந்து மிகான் மரங்களை ஏறக்குறைய மொத்தமாகக் கொன்றுவிட்டது. பழமரம் நட்டால் காய்க்கப் பல வருடம் ஆகும். அறுபது வயதுக்காரர் அந்த வருடங்களை எங்கே போய்க் கடன் வாங்குவார்?

இந்த நேரத்தில் ஊரில் இருந்தவர் யோகோயிஷி தொமோஜி. 1979-ல் இருபது வயதில் வேளாண் கூட்டுறவுச் சங்கத்தின் ஆலோசகராக வந்தவர், வெளியூர்க்காரர். குளிர் அழித்துப் போன பிறகு சீக்கிரம் காசாகும் பயிர்களுக்கு ஊரைத் திருப்பினார்: வெங்காயத்தாள், கீரை, ஷீடாகே காளான். காளான் நன்றாகவே கைகொடுத்தது. ஆனால் வயதான பெண்களுக்கு அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. காளான் வளர்க்கும் மரக்கட்டைகளைத் தூக்க வேண்டும், காய்கறிக் கூடைகள் கனம். எழுபது வயதுப் பாட்டி தூக்கக்கூடிய எடையில், செங்குத்தான சரிவில், என்ன விளைவிக்க முடியும்? கேள்வி இவ்வளவு துல்லியமாக அமைந்ததால்தான் பதில் கிடைத்தது என்பது என் கருத்து.

1986-ல் ஒசாகாவில் ஒரு சுஷி கடையில் யோகோயிஷி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்து மேசையில் இருந்த இளம்பெண்கள் தட்டில் அலங்காரமாக வைத்திருந்த மேப்பிள் இலையை எடுத்துப் பார்த்து வியந்து, கைக்குட்டையில் மடித்து வைத்துக்கொண்டார்களாம். ஜப்பானிய உணவகங்களில் பருவத்தைக் காட்ட இலை, பூ, மொட்டு வைப்பது பழைய வழக்கம். வசந்தத்தில் செர்ரிப் பூ, கோடையில் பச்சை மேப்பிள், இலையுதிர் காலத்தில் சிவந்த மேப்பிள். அந்த இலைகளைச் சமையல்காரர்களோ அவர்களிடம் வேலை பழகும் பையன்களோதான் எங்காவது போய்ப் பறித்து வருவார்கள். நம் ஊரில் இது மலை முழுக்க இருக்கிறதே என்று யோகோயிஷிக்குத் தோன்றியது.

ஊர் சிரித்தது. இலை பணமாக மாறுவது தனுக்கி கதையில்தான் நடக்கும் என்றார்கள். தனுக்கி என்பது நரியும் கரடியும் கலந்ததுபோல் இருக்கும் ஒரு காட்டு விலங்கு. மனிதரை ஏமாற்ற இலையைக் காசாக மாற்றும் என்பது நாட்டுக்கதை. ஷிகோகு முழுக்க அந்தக் கதைகள் உண்டு. சிரிப்புக்குப் பின்னால் ஒரு கூச்சமும் இருந்தது: கீழே கிடப்பதைப் பொறுக்கி விற்கும் அளவுக்குத் தாழ்ந்துவிட்டார்கள் என்று பக்கத்து வீடு சொல்லுமே என்ற கூச்சம். நாலு பேர் மட்டும் முன்வந்தார்கள்.

முதலில் அனுப்பிய இலைகள் விலை போகவில்லை. அழகான இலை என்று ஊர்க்காரர் நினைத்ததும், தட்டுக்குப் பொருத்தமான இலை என்று சமையல்காரர் நினைத்ததும் வேறு வேறாக இருந்தன. ஒரு பெட்டிக்குள் இருக்கும் இலைகள் எல்லாம் ஒரே அளவாக, ஒரே நிறமாக இருக்க வேண்டும். புழு கடித்த ஓட்டை கூடாது. பருவம் ஊரில் தொடங்குவதற்குச் சற்று முன்பே தட்டில் வந்துவிட வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள யோகோயிஷி சொந்தச் சம்பளத்தைச் செலவழித்து, விலை உயர்ந்த உணவகங்களில் போய் உட்கார்ந்து சாப்பிட்டு, எந்தத் தட்டில் எந்த இலை எப்படி வைக்கிறார்கள் என்று பார்த்து வந்தார். பிறகு விவசாயிகளையும் அங்கே அழைத்துப் போனார். தான் பறித்த இலை ஒரு பெரிய உணவகத்தின் பீங்கான் தட்டில் இருப்பதை நேரில் பார்த்தவர் அதன் பிறகு ஏனோதானோவென்று பறிக்க மாட்டார்.

இந்தத் தொழிலுக்கு இரோடோரி என்று பெயர். 1999-ல் ஊராட்சியின் பங்கோடு நிறுவனமாகவே ஆக்கினார்கள். இன்று 300-க்கும் மேற்பட்ட வகை இலை, பூ, கிளைகள் போகின்றன. மேப்பிள், மூங்கில் இலை, நாந்தேன், கமேலியா, காக்கி என்னும் பழமரத்தின் இலை, தாமரை இலை, பிளம் மொட்டு என்று பட்டியல் நீளும். சுமார் 150 குடும்பங்கள் ஈடுபட்டு, நல்ல வருடங்களில் 26 கோடி யென் அளவுக்கு விற்றிருக்கிறார்கள். முன்னணியில் இருந்த சில குடும்பங்கள் வருடத்துக்கு ஒரு கோடி யென் வரை பார்த்திருக்கின்றன. நகரத்தில் ஒரு நிறுவன மேலாளர் வாங்கும் சம்பளம் அது. காட்டுக்குப் போய்க் கண்டதைப் பறிப்பதும் இப்போது இல்லை. பெரும்பாலும் தங்கள் வயலிலும் வீட்டைச் சுற்றியும் நட்டு, கவாத்து செய்து, தேவையானதைப் பசுமைக்குடிலுக்குள் வைத்து வளர்க்கிறார்கள். உயரம் 100 மீட்டரிலிருந்து 700 வரை இருப்பது இங்கே பெரிய வரம். கீழே ஒரு மரம் பருவம் முடிக்கும்போது மேலே அதே மரம் தொடங்கும், அதனால் ஒரே சரக்கைப் பல வாரங்கள் அனுப்ப முடிகிறது.

தகவல் போகும் வழிதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. பேரிடர் எச்சரிக்கைக்காக ஊராட்சி வைத்திருந்த கம்பியில்லாத் தொடர்பின் வழியாக 1990களின் தொடக்கத்திலேயே எல்லார் வீட்டுக்கும் ஒரே நேரத்தில் ஃபேக்ஸில் ஆர்டர் அனுப்பினார்கள். அந்தப் பத்தாண்டின் இறுதியில் கணினி வந்தது. விரல் நடுங்குபவர்களுக்காகப் பெரிய பொத்தான்களும் உருட்டும் பந்தும் வைத்த கருவியைச் செய்து கொடுத்தார்கள். இப்போது டேப்லெட். காலையில் ஆர்டர் திரையில் வரும், முதலில் தொட்டவருக்கு அது சொந்தம். உடனே போய்ப் பறித்து, கழுவி, அளவு பார்த்து அடுக்கி, கூட்டுறவுச் சங்கத்தில் கொண்டு சேர்க்க வேண்டும். அங்கிருந்து லாரியிலும் விமானத்திலும் பெரிய நகரங்களுக்குப் போய்விடும். அதே திரையில் நேற்றைய சந்தை விலையும், விற்பனையில் தான் எத்தனையாவது இடம் என்பதும் தெரியும். மற்றவர் இடம் தெரியாது, தன் இடம் மட்டும். ஐந்தாவது இடத்திலிருந்து எட்டுக்கு இறங்கிவிட்டால் எண்பது வயதானாலும் சும்மா இருக்க மனம் வராது அல்லவா? பாட்டிகள் கணினி கற்ற அதிசயம் என்று செய்திகளில் வந்ததெல்லாம் இதுதான். கருவி அவர்களுக்குக் காசைக் காட்டியது, கற்றுக்கொண்டார்கள்.

சரி, இனி குப்பை. 1990களின் பிற்பகுதி வரை ஹிபிகாதானி என்ற பள்ளத்தில் ஊர்க் குப்பையைத் திறந்தவெளியில் கொட்டி எரித்தார்கள். மாகாண அரசு நெருக்கியதால் 1998-ல் இரண்டு சின்ன உலைகள் வாங்கினார்கள். வாங்கிய கையோடு, குப்பை எரியும்போது வரும் டையாக்சின் என்ற நச்சுப்பொருளின் வெளியேற்றத்துக்கு எதிரான கடுமையான சட்டம் வந்தது, 2000 ஜனவரியில் அமலானது. உலைகள் அந்த அளவுகோலுக்குத் தேறவில்லை. மூன்றாவது வருடமே மூட வேண்டிய நிலை. புது உலைக்கு இவ்வளவு சின்ன ஊராட்சியிடம் பணம் இல்லை. எல்லாவற்றையும் வெளியூர் உலைக்கு அனுப்பினால் அதற்கும் பணம்.

அப்போது ஊராட்சி அலுவலகத்தில் இருந்தவர்கள் செய்த காரியம் மிக எளிமையானது. எந்தப் பொருளை யார் வாங்குவார்கள் அல்லது குறைந்த செலவில் யார் எடுத்துக்கொள்வார்கள் என்று ஒவ்வொன்றாகத் தேடினார்கள். அலுமினிய டப்பாவுக்கு ஒருவர், இரும்பு டப்பாவுக்கு ஒருவர், நிறமில்லாத கண்ணாடிக்கு ஒருவர், பழுப்புக் கண்ணாடிக்கு வேறொருவர். வாங்குபவர் எப்படிக் கேட்கிறாரோ அப்படிப் பிரித்ததில் 2001-ல் 35 பிரிவுகள் ஆகிவிட்டன. பிறகு அது 45 வரை கூடியது. எண்ணிக்கையைக் கேட்டு மலைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: 45 என்று யாரும் இலக்கு வைக்கவில்லை, ஊருக்கு வெளியே கிடைத்த வழிகளைப் பொறுத்து அந்த எண் உருவானது. பிறகு ஒவ்வொரு குடியிருப்பாகப் போய்க் கூட்டம் போட்டு விளக்கினார்கள். எதிர்ப்பும் முணுமுணுப்பும் இருந்தன. இருக்காமல் எப்படி?

குப்பை வண்டி கிடையாது. ஐம்பது குடியிருப்புகளுக்கும் அந்தப் பாதைகளில் லாரி ஏற்றினால் செலவு கட்டுப்படியாகாது. எனவே மக்களே தங்கள் வண்டியில் கொண்டுவந்து, ஹிபிகாதானியில் இருக்கும் ஒரே மையத்தில் பிரித்துப் போடுகிறார்கள். புத்தாண்டு விடுமுறை தவிரக் கிட்டத்தட்ட எல்லா நாளும் திறந்திருக்கும். வண்டி ஓட்ட முடியாத முதியவர்கள் வீட்டுக்கு மட்டும் ஊராட்சி ஆள் போய் எடுத்துக்கொள்வார். சமையலறைக் கழிவு அங்கே வருவதே இல்லை, ஒவ்வொரு வீட்டிலும் மக்கவைத்து உரமாக்க வேண்டும். அதற்கான தொட்டிக்கும் மின்கருவிக்கும் 1990களிலிருந்தே மானியம் உண்டு. ஈரக்கழிவு இல்லாததால் மையத்தில் நாற்றம் இல்லை. மற்றதை வாரக்கணக்கில் வீட்டில் சேர்த்துவைக்க முடிவதும் அதனால்தான். இந்த ஒன்று இல்லாவிட்டால் மீதி எதுவும் நடந்திருக்காது.

மையத்தில் ஒவ்வொரு பெட்டியின் மேலும் ஒரு பலகை. இந்தப் பொருள் எங்கே போகிறது, என்னவாக மாறுகிறது, இதனால் ஊராட்சிக்கு வரவா செலவா, கிலோவுக்கு எத்தனை யென். கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக் உறை ஒரு பெட்டியில் விழுந்தால் குறைந்த செலவு, அழுக்கோடு அடுத்த பெட்டியில் விழுந்தால் கூடுதல் செலவு. தன் வரிப்பணம் எந்தப் பெட்டியில் போகிறது என்று தெரிந்த பிறகு உபதேசம் தேவைப்படுவதில்லை. பக்கத்திலேயே குருகுரு என்ற கடை. வேண்டாத பாத்திரம், துணி, பொம்மையை ஊர்க்காரர் அங்கே வைக்கலாம். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் போகலாம், எடுத்ததை எடைபோட்டுக் குறித்தால் போதும்.

2003 செப்டம்பரில், காசமாட்சு கசுயிச்சி மேயராக இருந்தபோது, 2020-க்குள் எரிக்கவும் புதைக்கவும் எதுவும் இல்லாமல் ஆக்குவோம் என்று ஜப்பானிலேயே முதலாவதாக இந்த ஊர் அறிவித்தது. அமெரிக்க வேதியியல் பேராசிரியர் பால் கானெட் அந்த வருடம் வந்து பேசியது ஒரு தூண்டுதல். அதாவது, அறிவிப்பு வருவதற்கு முன்பே பிரித்தல் பழகிப்போயிருந்தது. 2020 வந்தபோது மறுசுழற்சிக்குப் போனது மொத்தக் குப்பையில் 80 விழுக்காட்டைச் சுற்றி. நாட்டின் சராசரி 20 விழுக்காட்டை ஒட்டித்தான் இருக்கிறது என்பதோடு வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய உழைப்பு என்று தெரியும். ஆனாலும் சுழி அல்ல. அதனால்தான் தொடக்கத்தில் அந்தப் பெயர் முழுக்கச் சரியில்லை என்றேன்.

மீதி 20 என்ன? டயப்பர், சானிட்டரி நாப்கின், பலவகைப் பொருள்களை ஒட்டிச் செய்த செருப்பு, ரப்பர், தோல், பி.வி.சி. இவற்றை எத்தனை பெட்டி வைத்தாலும் வீட்டுக்காரர் பிரிக்க முடியாது, ஏனென்றால் பிரிக்க முடியாத மாதிரியே தொழிற்சாலையில் செய்து அனுப்புகிறார்கள். கைக்குழந்தை இருக்கும் வீடுகளுக்கு ஊராட்சி துணி டயப்பர் கொடுத்துப் பார்க்கிறது. ஆனால் முதியவர்கள் நிறைந்த ஊரில் பெரியவர்களுக்கான டயப்பரை என்ன செய்வது? என் பார்வையில் காமிகாட்சு உலகத்துக்குச் சொல்லியிருக்கும் மிக முக்கியமான செய்தி இந்த மீதி 20-தான். ஓர் ஊர் தன்னால் ஆனதெல்லாம் செய்து முடித்த பிறகும் நிற்கும் அந்தப் பங்குக்குப் பொறுப்பு தயாரிப்பவர்களுடையது. குப்பை பிரிக்காத பொதுமக்களைத் திட்டும் பேச்சுகளில் இது காணாமல் போய்விடுகிறது, அது எனக்கு வருத்தம்.

இலையையும் குப்பையையும் தாண்டி ஊரில் பழையவை உண்டு. காஷிஹாரா என்னும் இடத்தின் அடுக்கு நெல்வயல்கள் 1813-ம் ஆண்டு வரைபடத்தில் இருப்பதுபோலவே ஏறக்குறைய அதே வடிவில் இன்றும் இருக்கின்றன. அப்புறம் ஆவா பஞ்சா என்ற தேநீர். கோடையின் நடுவில் முற்றிய இலைகளை உருவி, வேகவைத்து, கசக்கி, பெரிய மரத்தொட்டிகளில் கல் பாரம் ஏற்றி வாரக்கணக்கில் புளிக்கவிட்டு, பிறகு வெயிலில் உலர்த்துவார்கள். தயிர் புளிப்பதற்குக் காரணமான லாக்டிக் அமில நுண்ணுயிர்களின் வேலைதான் அதிலும். லேசான புளிப்பு, கசப்பு குறைவு. இந்தத் தயாரிப்பு முறையை 2021-ல் நாட்டின் முக்கியமான மரபுச் சொத்தாக அரசு அறிவித்தது.

இவ்வளவு செய்தும் மக்கள்தொகை ஏறியதா என்றால், இல்லை. வெளியூரிலிருந்து இளைஞர்கள் வருகிறார்கள்; இரோடோரியில் வேலை பழகுகிறார்கள், மையத்தை நடத்துகிறார்கள், 2015-ல் ஒரு பீர் தயாரிப்புக் கூடமும் தொடங்கியது. ஆனால் இறப்புகளை ஈடுகட்டும் அளவுக்கு அவர்கள் எண்ணிக்கை இல்லை. இலைத் தொழிலின் முதல் தலைமுறை முதிர்ந்துவிட்டது. கொரோனா காலத்தில் உணவகங்கள் மூடியபோது ஆர்டர்கள் சரிந்தன. உணவகத் தட்டை மட்டும் நம்பிய தொழிலுக்கு அது பெரிய பாடம். இதைக் காட்டி, இதெல்லாம் தோல்வி என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. பல ஊர்கள் பக்கத்து நகரங்களோடு இணைக்கப்பட்டு, ஜப்பானின் ஊராட்சிகளின் எண்ணிக்கை 3,200-லிருந்து பாதியளவுக்கு இறங்கிய 2000-களில் காமிகாட்சு தனித்தே நின்றது. அறுபது வயதுக்குப் பிறகு சொந்தமாகச் சம்பாதிக்கவும், சம்பாதித்ததைத் தன் இஷ்டப்படி செலவழிக்கவும் ஒரு தலைமுறைப் பெண்களுக்கு அங்கே வழி கிடைத்தது. மக்கள்தொகைக் கோடு கீழே போகிறது என்பதற்காக அந்த முப்பது வருட வாழ்க்கையைக் கணக்கில் சேர்க்காமல் விட முடியாது.

நேரில் போக நினைத்தால்: தோக்குஷிமா நகரிலிருந்து காரில் சுமார் ஒரு மணி நேரம். பேருந்து உண்டு, ஆனால் மாறிப் போக வேண்டும், எண்ணிக்கையும் குறைவு. வண்டி எடுத்துக்கொள்வதே நல்லது. நவம்பரில் மேப்பிள் சிவந்திருக்கும், ஜூலை, ஆகஸ்டில் தேயிலை வேலை நடக்கும். குப்பை மையம் 2020-ல் புதுக் கட்டடத்துக்கு மாறியது. மேலிருந்து பார்த்தால் கேள்விக்குறி வடிவம், சுவரில் ஊர்க்காரர்கள் கொடுத்த சுமார் 700 பழைய சன்னல்கள், தூண்களுக்கு உள்ளூர் சுகி. அதை ஒட்டியே நான்கு அறைகள் கொண்ட ஒரு சின்ன விடுதி. தங்கும் நாட்களுக்கு வேண்டிய அளவு சோப்பை நீங்களே வெட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். அறையில் சேர்ந்த குப்பையை விடுதி ஆட்கள் எடுக்க மாட்டார்கள். கிளம்பும் நாள் காலையில் மையத்துக்குக் கொண்டுபோய், அங்கிருப்பவர் சொல்லிக்கொடுக்க, பிரிவு பிரிவாக நீங்களே போட வேண்டும்.